நாயை விடுதியில் விட்டுச் செல்லும்முன் எதைப் பார்க்க வேண்டும்?

பத்து நாள் பயணம் போகிறீர்கள். ஐந்து வயது நாய். இரண்டு விடுதிகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் குளிர்சாதன அறை, கைபேசியிலேயே பார்க்கும்படி கேமரா, நீச்சல் குளம் எல்லாம் உண்டு. மற்றொன்றில் இவை எதுவும் இல்லை, ஆனால் அதை நடத்துபவர் தரையில் உட்கார்ந்து உங்கள் நாயோடு வெகுநேரம் இருந்தார். இரண்டில் எது நல்லது என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘இதுவரை அது எங்களைப் பிரிந்ததே இல்லை. அதற்கு ஏதாவது ஆனால் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியுமா?’ உண்மையில் நீங்கள் கேட்க விரும்பியது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் கால்நடை மருத்துவர். விடுதியிலிருந்து திரும்பிய நாய்களுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்து வருகிறேன். சில விடுதிகளுக்கு மருத்துவராகப் போய்வருவதும் உண்டு.

விடுதியில் தங்கி உடல்நலம் கெட்டு வரும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வந்திருப்பது அபூர்வமான நோய் அல்ல. சாதாரணமாகத் தொடங்கிய ஒன்று கவனிக்கப்படாமல் முற்றியிருக்கும். முதல் நாள் பாதிச் சோறு மீந்திருக்கும். இரண்டாம் நாள் மலம் இளகியிருக்கும். மூன்றாம் நாள் நாய் மூலையில் சுருண்டிருக்கும். நான்காம் நாள்தான் யாராவது தொலைபேசியை எடுப்பார்கள். நாய்கள் வலியையும் சோர்வையும் வெளிக்காட்டாமல் வைத்துக்கொள்ளக்கூடியவை. அறிமுகம் இல்லாத இடத்தில் இன்னும் அதிகமாக. ஆகவே விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் தேடுவது வசதியை அல்ல, கவனிக்கிற ஆளை. ‘இந்த நாய் இன்று சரியில்லை’ என்று முதலில் யார் சொல்வார்? அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா?

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நேரில் போகும்போது, அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் ஏதாவது ஒரு நாயைக் காட்டி, ‘இது இன்று காலை சாப்பிட்டதா? மலம் எப்படிப் போனது?’ என்று அதைப் பராமரிக்கும் ஊழியரிடம் கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்க வேண்டாம்; கூண்டைக் கழுவி உணவு வைப்பவரிடம் கேளுங்கள். நாயின் பெயரைச் சொல்லி, ‘காலையில் பாதிதான் சாப்பிட்டது, வந்த நாளிலிருந்து அப்படித்தான், மாலையில் நன்றாகச் சாப்பிடும்’ என்று பதில் வந்தால் பாதித் தேர்வு முடிந்துவிட்டது. ‘எல்லாம் நன்றாக இருக்கின்றன’ என்று மட்டும் வந்தால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். அடுத்து, நேற்றைய குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உணவு, தண்ணீர், மலம், சிறுநீர், மருந்து ஆகிய ஐந்தும் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரு வாரத்திற்கும் ‘சரி, சரி, சரி’ என்று இருந்தால் அது பார்த்து எழுதியது அல்ல. நல்ல விடுதிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. நீங்கள் அவர்களைக் கேட்பதைவிட அவர்கள் உங்களை அதிகம் கேட்பார்கள். எதற்குப் பயப்படும், கிண்ணத்தில் கை வைத்தால் உறுமுமா, கதவு திறந்தால் ஓடுமா, கடைசியாக எப்போது வாந்தி எடுத்தது என்றெல்லாம் துருவுவார்கள். கட்டணத்தை மட்டும் சொல்லிவிட்டு நாளைக்கே கொண்டுவரச் சொல்லும் இடத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

பெரும்பாலோர் கேட்க மறக்கும் கேள்வி இரவைப் பற்றியது. பல விடுதிகளில் மாலையில் உணவு வைத்து, கதவைப் பூட்டி, ஊழியர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலை வரை அந்த வளாகத்தில் மனிதர் யாரும் இல்லை. ‘இரவில் ஆள் உண்டா?’ என்று கேட்டால் ‘உண்டு’ என்றுதான் பதில் வரும். ‘இரவில் எந்த அறையில், யார் படுக்கிறார்? அங்கிருந்து நாய் குரைப்பது கேட்குமா?’ என்று கேளுங்கள். இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, முறுக்கிக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, எச்சில் வடியும், வயிறு உப்பும், ஓரிடத்தில் நிற்காமல் அலையும். மன அழுத்தமும் ஒரேயடியாக நிறையச் சாப்பிடுவதும் இதைத் தூண்டக்கூடியவை. சில மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை நடந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விடியும் வரை யாரும் பார்க்காவிட்டால் மிகப் பெரும்பாலும் இல்லை. உங்கள் நாய் எந்த இனம் என்று நீங்கள் சொல்லவில்லை. அது இந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால், இரவில் ஆள் இல்லாத விடுதியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கேமரா இதற்கு ஈடாகாது. நள்ளிரவில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். விழித்திருந்து பார்த்தாலும் அங்கே கதவைத் திறக்க ஒருவர் வேண்டும்.

அடுத்தது தொற்று. இதில் சந்தேகத்திற்கு இடமில்லாத விஷயங்களே அதிகம். பல வீட்டு நாய்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தால், இருமல் நோய் வந்தே தீரும் என்று சொல்ல முடியாவிட்டாலும், வருவதற்கு வாய்ப்பு எப்போதும் உண்டு. ஆங்கிலத்தில் ‘கென்னல் காஃப்’ என்றே அதற்குப் பெயர். போர்டெட்டெல்லா என்ற பாக்டீரியாவும் பாராஇன்ஃப்ளூயன்சா முதலிய வைரஸ்களும் சேர்ந்தோ தனித்தனியாகவோ இதை உண்டாக்குகின்றன. தொற்றிய பிறகு அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகலாம். எனவே நலமாகத் தெரியும் நாயும் உள்ளே நுழையும்போதே நோயைக் கொண்டுவரலாம். அதை எந்த நல்ல விடுதியாலும் முழுக்கத் தடுத்துவிட முடியாது. தடுப்பூசி போட்ட நாய்க்கும் இருமல் வரலாம், ஆனால் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்கள் இரண்டும் அப்படிப்பட்டவை அல்ல. அவை உயிரைக் குடிப்பவை. நல்வாய்ப்பாக, இவற்றுக்கான தடுப்பூசிகள் மிக நன்றாக வேலை செய்பவை. வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எலிகள் நடமாடும் இடங்களில் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸும் கவலைக்குரியது. அது மனிதருக்கும் தொற்றும், அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும்.

இங்கே விடுதியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உங்களிடம் தடுப்பூசிச் சான்றைக் கேட்கிறார்களா? கேட்கவில்லை என்றால் பக்கத்து அறை நாயின் உரிமையாளரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். ‘அவசரம் என்றால் பரவாயில்லை, பிறகு காட்டுங்கள்’ என்று விட்டுக்கொடுப்பவரைப் பார்த்து நல்ல மனிதர் என்று நினைக்காதீர்கள். அந்த விட்டுக்கொடுத்தல் எல்லா நாய்களின் தலையிலும் விடியும். தடுப்பூசிக்கும் காலம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். மூக்கில் விடும் இருமல் தடுப்பு மருந்து சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஊசியாகப் போடும் வகையில், முதல் முறையாக இருந்தால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. புறப்படும் நாளன்று காலையில் ஊசி போட்டுக்கொண்டு நேராக விடுதிக்குப் போவது சான்றிதழுக்கு உதவும், நாய்க்கு உதவாது. ஒரு மாதத்திற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் போய் எவை பாக்கி என்று பார்த்துவிடுங்கள்.

துப்புரவை மூக்கால் அளக்கிறார்கள் பலர். சிறுநீர் நாற்றம் அடித்தால் மோசமான இடம் என்பது சரிதான். ஆனால் கிருமிநாசினி வாடை தூக்கலாக அடித்தால் நல்ல இடம் என்று நினைப்பது தவறு. பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், சில சூழல்களில் ஓராண்டுக்கு மேலும், உயிர்ப்போடு இருக்கும். கடைகளில் கிடைக்கும் பல சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அது அசையாது. வீட்டு உபயோகப் பிளீச்சை ஒரு பங்குக்கு முப்பது பங்கு நீர் என்ற அளவில் கலந்து பயன்படுத்தினால் சாகும். அதற்கும் முன்னதாக மலத்தையும் அழுக்கையும் சோப்பு போட்டுக் கழுவி நீக்கியிருக்க வேண்டும், கரைசல் பத்து நிமிடமாவது தரையில் ஈரமாக நிற்க வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச் அழுக்கோடு செலவாகிவிடும். ஆகவே ‘என்ன போட்டுக் கழுவுகிறீர்கள்?’ என்று கேட்பதைவிட ‘ஒரு நாய் போனபின் அடுத்த நாய் வருமுன் அந்த அறையில் என்னென்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். வரிசையாகச் சொல்ல வேண்டும். ஓர் அறையின் கழிவுநீர் பக்கத்து அறை வழியாக ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். நோயுற்ற நாயைத் தனியே வைக்க இடம் எங்கே என்று கேட்டால், கையைக் காட்டக்கூடிய ஓர் அறை இருக்க வேண்டும்.

சுவர் விரிசல்களையும் கூரை மூலைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். பழுப்பு நாய் உண்ணி மற்ற பல உண்ணிகளைப் போல் புல்வெளியை நம்பி வாழ்வது இல்லை. கட்டடத்துக்குள்ளேயே, சுவரின் பிளவுகளில் முட்டையிட்டுப் பெருகும். நாய்கள் மாறிக்கொண்டே இருக்கும் விடுதி அதற்கு மிகவும் ஏற்ற இடம். எர்லிக்கியா, பெபீசியா போன்ற இரத்த நோய்களைப் பரப்புவது இதுதான். உண்ணித் தடுப்பு மருந்தைப் பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட்டு, நீங்கள் திரும்பும் வரை அதன் காலம் முடியாமல் இருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள். இது விடுதியை நம்பாமல் உங்கள் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய பாதுகாப்பு.

வசதிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குளிர்சாதனம் நல்லதுதான், மூக்கு சப்பையான பக், புல்டாக் வகை நாய்களுக்கும், அடர்ந்த ரோமம் உள்ளவற்றுக்கும், வெயில் காலத்தில் அது கட்டாயம் என்றே சொல்வேன். நாய் வியர்த்து உடலைத் தணித்துக்கொள்வது மிகக் குறைவு. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மூக்கு சப்பையான நாய்க்கு அந்த வழியே குறுகலாக இருக்கிறது. ஆனால் மூடிய அறையில் மின்சாரம் நின்றால் நிலைமை திறந்த கூடத்தைவிட மோசமாகும். மாற்று மின்சாரம் தானாக இயங்குமா, ஒருவர் போய் இயக்க வேண்டுமா, காற்று வர வேறு வழி உண்டா என்று கேட்க வேண்டும். நீச்சல் குளத்தைப் பொறுத்தவரை, அதைச் சுற்றி வேலி இருக்கிறதா என்பது மட்டுமே எனக்கு முக்கியம். எல்லா நாய்களுக்கும் நீந்தத் தெரியும் என்ற நம்பிக்கை உண்மையல்ல. இவற்றையெல்லாம்விட, வாயிலில் இரண்டு கதவுகள் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மூடிய பிறகே மற்றொன்று திறக்க வேண்டும். பதற்றத்தில் இருக்கும் நாய் தப்பி ஓடும் இடம் அந்த வாயில்தான். அங்கே நீங்கள் இருக்கும் அரை மணி நேரத்தில் ஊழியர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனியுங்கள்.

சத்தமும் சாதாரண விஷயம் அல்ல. சிமெண்டுச் சுவரும் தகரக் கூரையும் உள்ள கூடங்களில் நாய்கள் ஒன்றாகக் குரைக்கும்போது சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது அளந்து அறியப்பட்டிருக்கிறது. நீங்கள் உள்ளே போனதும் குரைப்பது இயல்பு. பத்து நிமிடம் நின்ற பிறகும் அடங்கவில்லை என்றால், அறைகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி அமைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இடையில் மறைப்பு வைத்த விடுதிகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. எல்லா நாய்களையும் ஒன்றாக விளையாட விடுவது நல்லதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பழகும் குணமுள்ள இளம் நாய்க்கு அது நல்ல பொழுதுபோக்கு. கூச்சமுள்ள நாய்க்கு அது நாள் முழுக்க நீளும் தொல்லை. எடையும் குணமும் பார்த்துப் பிரித்து, ஒருவர் உள்ளேயே நின்று கவனித்தால் நான் ஏற்பேன். உணவும் பொம்மையும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. உங்கள் நாய் தனியாகவே இருக்கட்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை ஒப்புக்கொள்ளாத விடுதி வேண்டாம்.

பிரிவுத் துயரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலிருந்து விடுதிக்கு வரும் நாய்களுக்குக் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் உயர்வதைப் பல ஆய்வுகள் அளந்திருக்கின்றன. அந்த உயர்வு துயரமா, புது இடத்தின் கிளர்ச்சியா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. நாய்க்கு நாய் வேறுபாடு மிகப் பெரிது. உங்கள் பழைய துணியைப் படுக்கையில் போடுவதும், நாய்களுக்கென்றே உள்ள அமைதிப்படுத்தும் வாசனைப் பொருள்களைத் தெளிப்பதும் சிலவற்றுக்கு உதவுவதாகத் தெரிகிறது. சான்று வலுவானது அல்ல, கெடுதலும் இல்லை, ஆகவே செய்து பாருங்கள். நான் மிகவும் நம்புவது ஒத்திகையை. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அரை நாள் விடுங்கள். பிறகு ஓர் இரவு விடுங்கள். திரும்ப அழைக்கப் போகும்போது அது அங்குள்ளவரை எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். இரண்டாம் முறை போகும்போது வாயிலிலேயே நின்று உள்ளே வர மறுத்தால், அதன் பேச்சைக் கேளுங்கள். தூக்க மருந்து கொடுத்து விட்டுச் செல்லலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது. சில பழைய மருந்துகள் பயத்தைக் குறைக்காமல் உடலை மட்டும் தளர வைக்கும். நாய் பயந்தபடியே அசையாமல் கிடக்கும், பார்ப்பவருக்கு அமைதியாகத் தெரியும். உண்மையான பதற்ற நோய் இருந்தால் அதற்கு வேறு மருந்துகள் உள்ளன, அவற்றையும் வீட்டிலேயே ஒரு முறை கொடுத்துப் பார்த்த பிறகே விடுதிக்கு அனுப்ப வேண்டும்.

சில நாய்களை விடுதிக்கே அனுப்ப வேண்டாம் என்பேன். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டிகள், கண்ணும் காதும் மங்கிய முதிய நாய்கள், தனிமையில் கதவைப் பிறாண்டிக் காலைப் புண்ணாக்கிக்கொள்பவை, அண்மையில் வலிப்பு வந்தவை. இவற்றுக்கு நாய்க்குத் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து தங்குவது மேல். அந்த ஏற்பாட்டிலும் ஆபத்து உண்டு: ஒரே ஆள், அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று இல்லை. இன்சுலின் போடும் நாய் என்றால், விடுதியில் ஊசி போடுபவர் உங்கள் முன்னால் ஒரு முறை போட்டுக் காட்டட்டும். சாப்பிடாத நாய்க்கு இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொடுத்துவிட வேண்டியவற்றில் முதலாவது வழக்கமான உணவு, நாள் கணக்குக்கு இரண்டு நாள் கூடுதலாக. இட மாற்றமே வயிற்றைக் கலக்கும், உணவும் மாறினால் வயிற்றுப்போக்கு வர வாய்ப்பு இன்னும் அதிகம். இரண்டாவது, கையெழுத்திட்ட ஒரு கடிதம். உங்கள் மருத்துவரின் எண், நீங்கள் கிடைக்காதபோது முடிவெடுக்கக்கூடிய உறவினரின் எண், அவசரச் சிகிச்சைக்கு உங்கள் சம்மதம், அதற்கு எவ்வளவு வரை செலவிடலாம் என்ற தொகை ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். நீங்கள் விமானத்தில் இருக்கும் நேரத்தில் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் தேடி மருத்துவர் காத்திருக்கும் நிலை வரக் கூடாது. எப்போது அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்: ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் உங்களுக்குச் செய்தி, இரண்டாம் நாளும் தொட்டுப் பார்க்கவில்லை என்றால் மருத்துவரிடம், மலத்தில் இரத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, வெற்று ஓங்கரிப்பு, மூச்சுத் திணறல் என்றால் உடனே.

திரும்பி அழைத்து வந்த முதல் நாள் அது நிறையத் தூங்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும். ஒரேயடியாக விடாமல் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஓரிரு நாள் மலம் இளகலாம். இரண்டு வாரம் வரை இருமலைக் கவனியுங்கள். இருமினால் மற்ற நாய்களிடம் விடாதீர்கள், விடுதிக்கும் தகவல் சொல்லுங்கள், அவர்களுக்கு அது தெரிய வேண்டும். உண்ணி கடித்து வரும் நோய்கள் ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலாகவும் சோர்வாகவும் வெளிப்படலாம். அப்போது மருத்துவரிடம் விடுதியில் தங்கியதை மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டு விடுதிகளுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. ஆனால் தரையில் உட்கார்ந்து கொஞ்சியவர்தான் பத்து நாளும் உணவு வைக்கப் போகிறவரா, இரவில் அவரோ இன்னொருவரோ அங்கேயே படுக்கிறார்களா, அவசரத்தில் எந்த மருத்துவமனைக்கு எந்த வண்டியில் கொண்டுபோவார்கள் என்ற மூன்றுக்கும் பதில் வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம். இரவில் ஆள் இல்லை என்று தெரிந்தால், முதல் விடுதியிடம் இதே மூன்றையும் கேளுங்கள். அங்கே நல்ல பதில் கிடைத்தால் நீச்சல் குளத்தில் இறக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே விடலாம். இரண்டிலும் கிடைக்காவிட்டால் மூன்றாவதைத் தேடுங்கள். எதுவானாலும் இந்த வாரக் கடைசியில் அரை நாள் ஒத்திகைக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.